கம்பளிக் காலுறையும் நடுக்குப் பலகையும்

குளிர்காலத்தில் வெறுங்காலைத் தரையில் வைப்பவரை எங்கள் ஊரில் யாரும் நல்ல புத்தியுள்ளவர் கணக்கில் சேர்ப்பதில்லை. இருமலா, இடுப்பு வலியா, பிள்ளை பிறக்கவில்லையா, எல்லாவற்றுக்கும் காலில் பட்ட குளிர்தான் காரணம். வெளியூரில் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர்கள் எத்தனையோ பேர் வந்து வேறு மாதிரிச் சொல்லிப் பார்த்தார்கள். நாங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து, வீட்டுக்குள் போடும் செருப்பை மாட்டிக்கொண்டோம்.

இப்படிப்பட்ட ஊரில், நவம்பர் மாதத்து ஈரக் காலையில், சுகாதார நிலையத்தின் பின்னறையில் நின்றுகொண்டு, "எல்லாரும் ஷூவையும் சாக்ஸையும் கழட்டிடுங்க" என்று ஒரு பெண் சொன்னால் என்ன ஆகும்? ஒருவர் கையும் ஷூ நாடாவுக்குப் போகவில்லை.

சொன்னவள் நெவெனா, புதிதாக வந்த பிசியோதெரபிஸ்ட். அவள் பக்கத்தில் இரண்டு இயந்திரங்கள் நின்றன. எடை பார்க்கும் மெஷின் மாதிரிதான், ஆனால் பெரிது. முன்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. பொத்தானை அழுத்தினால் அடிப்பலகை கிடுகிடுவென்று அதிரும். வயதானவர்கள் முழங்காலை லேசாக மடக்கி அதன்மேல் நின்றால், அதிர்வுக்கு ஈடுகொடுத்துக் கால் தசைகள் வேலை செய்யும், நிற்கும் நிலை உறுதிப்படும், கீழே விழுவது குறையலாம் என்று விளக்கினாள். ஊர் அன்றைக்கே அதற்கு நடுக்குப் பலகை என்று பேர் வைத்துவிட்டது.

முதலில் வாயைத் திறந்தவள் பெர்சிதா. இதயத்துக்குக் கருவி வைத்திருப்பதால் அவளைப் பலகையில் ஏற்ற முடியாது என்று வாசலிலேயே சொல்லியாகிவிட்டது. இருந்தும் காபிக்காகவும் வம்புக்காகவும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா பொண்ணே, இரும்பு மேல வெறுங்காலா? மூத்திரப்பையில குளிர் ஏறிடும். அப்புறம் நீயா வந்து பாப்பே?"

"ஏறாது பெர்சிதா அம்மா."

"உனக்கு ஏறாது. உனக்கு இருபத்தஞ்சு வயசு."

நெவெனாவும் இந்த நாட்டுப் பெண்தான். அவள் அம்மாவும் இதையே சொல்லித்தான் வளர்த்திருப்பாள். அதனால் ரொம்ப மல்லுக்கட்டவில்லை. "சரி, மெல்லிசா ஒரு சாக்ஸ் போட்டுக்கங்க. மெல்லிசா" என்று விட்டுக்கொடுத்தாள். அங்கேதான் எல்லாம் கெட்டது.

அந்தக் கூட்டத்தில் இருந்தவள்தான் விதோசாவா. ஊரில் அவளைப் போல் கம்பளி பின்ன ஆள் கிடையாது. அதை அவளே சொல்வாள். எழுபது தாண்டியவள், கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான், ஒரே மகன் மிலூத்தின் நோவி சாத் நகரத்தில் இருக்கிறான். போன குளிர்காலத்தில் விறகு எடுக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் உள்ளே எதுவோ கூடவில்லை. படியில் இறங்கும்போது சுவரைத் தேடினாள். ஆற்றின் மேலிருக்கும் தொங்கு பாலத்தில் அதற்குப் பிறகு கால் வைக்கவே இல்லை.

அந்தப் பாலத்துக்கு அக்கரையில்தான் ஸ்தமெனா இருக்கிறாள். விதோசாவாவின் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவள். எங்கள் பக்கம் அந்த உறவு ரத்த உறவுக்கும் மேலே. சாகும்வரை ஒருவரை ஒருவர் "குமா" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். டிசம்பரில் புனித நிக்கோலா நாள் ஸ்தமெனா வீட்டுக் குலத் திருநாள். ஸ்லாவா என்போம். அதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வரவேண்டியவர்கள் தாமாக வருவார்கள். வராவிட்டால் உறவு முறிந்தது என்றுதான் அர்த்தம்.

மிலூத்தின் இதையெல்லாம் தெரிந்துதான் அக்டோபரில் போனில் அந்தப் பேச்சை எடுத்தான்.

"அம்மா, இந்தக் குளிர்காலம் இங்க வந்துடு. லிப்ட் இருக்கு, ஹீட்டர் இருக்கு. நீ அங்க விழுந்து கிடந்தா எனக்கு யாரு சொல்றது?"

"நான் ஏன் விழுறேன்?"

"விழுந்தியே!"

"அது விறகு பண்ண வேலை."

"சரி, ஒண்ணு சொல்றேன். நிக்கோலா நாளுக்கு நானும் வருவேன். நீ யார் கையையும் பிடிக்காம பாலத்துல நடந்து குமா வீட்டுக்குப் போ. போயிட்டீன்னா நான் வாயைத் திறக்கல. போக முடியலைன்னா அன்னிக்கே பெட்டியைக் கட்டு."

"கட்டுறேன்டா. போ!" என்று போனை வைத்துவிட்டாள். வைத்த கை அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டது. அவளுக்கு நோவி சாத் வேண்டாம். ஐந்தாவது மாடியில், தனக்குச் சொந்தமில்லாத சோபாவில், ஜன்னல் வழியாக வேறொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காருவதை நினைத்தால் அவளுக்கு அழுகையே வந்தது. அதனால்தான் நடுக்குப் பலகை வந்ததும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள்.

பேர் கொடுத்ததோடு நிற்கவில்லை. நெவெனா "மெல்லிசா" என்று சொன்னது காதில் விழுந்ததுதான். ஆனால் தோழிகள் பாதம் குளிர்ந்து போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அடுத்த வகுப்புக்குள் ஆளுக்கு ஒரு ஜோடி பின்னிவிட்டாள். மேலே பார்த்தால் சாதாரணக் காலுறை. அடிப்பாகத்தில் மட்டும், பழைய கம்பளியை வெந்நீரில் போட்டு அடித்துச் சுருக்கி, இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்திருந்தாள்.

"இது மெல்லிசா?" என்றாள் நெவெனா.

"இதவிட மெல்லிசா வேணும்னா வேற நாட்டு ஆட்டைத்தான் கேக்கணும், கண்ணு."

கொடுக்காமல் விட்டது ஒரே ஓர் ஆளுக்கு. ஓப்ரென். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆடுகிற பெட்டியில் ஒன்றையும் பிடிக்காமல் வாழ்நாள் முழுக்க டிக்கெட்டில் ஓட்டை போட்டவன் தான் ஒருவனே என்று கேட்காதவர்களுக்கும் சொல்லுவான். முன்னொரு நாள் சந்தையில் விதோசாவாவின் காலுறைகளைப் பார்த்து, "குதிரைக்குப் போர்த்தலாம்" என்று சொல்லித் தொலைத்தான். அதை அவள் மறப்பாளா?

"எனக்கு இல்லையா விதோசாவா?"

"குதிரைக்கெல்லாம் தீந்து போச்சு."

"வேணாம் போ. எனக்கு ரோஷம் இருக்கு" என்று ஓப்ரென் தன் கோணல் கட்டைவிரல்களோடு வெறுங்காலில் பலகையில் ஏறினான். பெர்சிதா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். இந்த மனுஷன் கிறிஸ்துமஸைப் பார்க்க மாட்டான் என்று அறை முழுக்க முடிவு கட்டிவிட்டது.

வகுப்பு செவ்வாயும் வியாழனும். பெண்களுக்கு உச்சி குளிர்ந்து போனது. பலகை இதமாக உறுமியது, தொட்டிலில் போட்டு ஆட்டுகிற சுகம், சிலர் நின்றபடியே கண்ணை மூடினார்கள். "முழங்காலை இளக்கமா வைங்க, இளக்கமா" என்று நெவெனா சொல்லிக்கொண்டே இருப்பாள். ஓப்ரென் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, கன்னச் சதை ஆட, தொடை நடுங்க, அரக்காய்ச் சிவந்த முகத்தோடு நிற்பான். பெண்கள் அவனைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள்.

"அவ்வளவு கஷ்டமாய்யா இது? எங்களுக்கு ஒண்ணுமே தெரியலையே!"

உண்மைதான். ஒன்றும் தெரியவில்லை.

டிசம்பர் பிறந்ததும் நெவெனா சோதனை வைத்தாள். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், ஒரு காலுக்கு நேர் முன்னால் மறு காலை வைத்து நடக்க வேண்டும். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், ஒவ்வொருவராகச் சுவரைப் பிடித்தார்கள். விதோசாவா காலைத் தூக்கினாள். தூக்கின வேகத்திலேயே கீழே வைத்தாள். முதல் நாள் எப்படியோ இன்றும் அப்படியே. கடைசியாக ஓப்ரென் வந்து ஒற்றைக் காலில் நின்றான். நின்றுகொண்டே சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து மிச்சமிருந்த முடியைச் சீவினான்.

"பெட்டி எண் மூணு, டிக்கெட் காட்டுங்க!" என்று வேறு சொன்னான்.

நெவெனாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "எனக்குப் புரியல. உங்களுக்கெல்லாம் கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கணும். மெஷின் புது வருஷம் வரைக்கும்தான் நம்ம கிட்ட. பிரயோஜனம் இல்லைன்னா வேற ஊரு கேட்டுட்டு இருக்கு" என்று தணிந்த குரலில் சொன்னாள்.

அன்று மாலை விதோசாவா நேரே பாலத்துக்குப் போனாள். பலகைகள் நனைந்திருந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு சில அடிகள் வைத்தாள். யாரோ அக்கரையில் பாலத்தில் ஏறியிருக்க வேண்டும். அடியில் ஒரு நடுக்கம் ஓடி வந்து அவள் குதிகாலைத் தொட்டது. முழங்கால் மரக்கட்டையாகிவிட்டது. அப்படியே பின்பக்கமாக நகர்ந்து கரையேறினாள். வீட்டுக்கு வந்து அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசு தட்டினாள். அவள் வாக்குத் தவறுகிறவள் இல்லை.

அடுத்த வகுப்பு நாளில் பனி விழுந்து, உருகி, தெருவெல்லாம் சேறாகிவிட்டது. விதோசாவாவின் ஷூவில் விரிசல் இருந்தது. வந்து சேர்ந்தபோது காலுறை தண்ணீர் குடித்துக் கனத்துத் தொங்கியது. நெவெனா அதை வாங்கி ஹீட்டர் மேல் காயப்போட்டாள்.

"இன்னிக்கு வேணா உக்காந்துக்கங்க, விதோசாவா அம்மா."

உட்காருவதா? நிக்கோலா நாள் இந்தா அந்தா என்று நெருங்கிக்கொண்டிருக்கிறது. விதோசாவா வெறும் பாதத்தைத் தூக்கி, கண்ணை இறுக்க மூடி, பலகை மேல் வைத்தாள். நெவெனா பொத்தானை அழுத்தினாள்.

அதிர்வு உள்ளங்காலைக் கவ்வியது. கெண்டைக்காலில் ஏறியது, தொடையில் ஏறியது, பொய்ப்பல் வரிசை கடகடத்தது. விழுந்துவிடுவோமோ என்று முழங்கால் தானாக மடங்கியது. மடங்கியதும் கால்கள் இரண்டும் விழித்துக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தன. இத்தனை வாரமாக அவள் நின்றது இந்தப் பலகையிலா? இது எங்கே ஒளிந்திருந்தது?

அவள் கண்ணைத் திறந்தாள். பக்கத்துப் பலகையில் தோழி ஒருத்தி, அவள் கையால் பின்னிய காலுறையில், அரைத் தூக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். விதோசாவாவின் பார்வை அந்தக் காலுறையில் போய் நின்றது. இரண்டு மடிப்பு. வெந்நீரில் அடித்த கம்பளி. கொடுத்ததும் அவளேதான்.

எதிரே வரிசையில் நின்ற ஓப்ரென் அவள் முகத்தைப் பார்த்தான், காலுறையைப் பார்த்தான், மறுபடி அவள் முகத்தைப் பார்த்தான். அவன் வாய் மெதுவாகத் திறந்தது.

"யோவ், நீ ஒரு வார்த்தை பேசினே..." என்றாள் விதோசாவா, பல் அடித்துக்கொள்ள.

"நான் என்ன பேசினேன்? நான் பேசவே இல்லையே."

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்; மறைப்பானேன், நினைக்கத்தான் செய்தாள். தான் மட்டும் வெறுங்காலில் ஏறினால் போதும், தன் கைவேலையின் மானமும் பிழைக்கும். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற தோழிகளின் முகங்கள் ஞாபகம் வந்தன. பலகையை விட்டு இறங்கி அறை நடுவில் நின்றாள்.

"எல்லாரும் கழட்டுங்கடி."

"என்னத்தடி?"

"சாக்ஸை. நான் பின்னின சாக்ஸை. அது எல்லா ஆட்டத்தையும் தின்னுடுது. நம்ம காலுக்கு ஒண்ணுமே வரல. ஓப்ரென் மட்டும்தான் பயிற்சி பண்ணியிருக்கான். நாம மெத்தையில நின்னு தூங்கியிருக்கோம்."

நெவெனா ஹீட்டரிலிருந்து காலுறையை எடுத்து அடிப்பாகத்தை விரலால் அமுக்கினாள். திருப்பிப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

பெண்கள் சிரிக்கவில்லை. "நல்லா இருக்குடி நியாயம்! நீயே போட்டுவிட்டு நீயே கழட்டச் சொல்றியா? மூத்திரப்பைக்கு யாரு பதில் சொல்றது?" என்று பிலுபிலுவெனப் பிடித்துக்கொண்டார்கள். சண்டையைத் தீர்த்தது பெர்சிதா. வெந்நீரில் கல்லுப்புப் போட்டு ஏறுவதற்கு முன்னால் காலை நனைத்துத் துடைத்துக்கொண்டால் குளிர் ஏறாது என்று தீர்ப்புச் சொன்னாள். அன்றிலிருந்து வெந்நீர்ப் பேசின் அவள் பொறுப்பு. இடுப்பில் துண்டைச் சொருகிக்கொண்டு, பாதம் சரியாகச் சூடேறாத ஒருத்தியையும் பலகைப் பக்கம் விடமாட்டாள். ஏறி இறங்கியவர்களின் கால் சிவந்து, அரித்து, அடுப்பருகே வைத்த மாதிரிக் கதகதத்தது. "குளிரு எங்கடி?" என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். ஓப்ரென் கன்னம் ஆட நின்றதைப் பார்த்துச் சிரித்தவர்களின் கன்னமெல்லாம் இப்போது ஆடியது. அவனும் கணக்கு வைத்துச் சிரித்தான்.

விதோசாவா வீட்டிலும் விடவில்லை. அடுப்புத் திண்டை ஒரு விரலால் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று பீன்ஸ் கிண்டினாள். பிறகு விரலையும் எடுத்தாள். ஆனாலும் பெட்டியைக் கட்டித்தான் வைத்திருந்தாள்.

நிக்கோலா நாள் காலையில் மிலூத்தின் பளபளக்கும் தோல் ஷூவோடு காரில் வந்து இறங்கினான். பெட்டியைப் பார்த்தான். தூக்கிக் கனம் பார்த்தான். இருவரும் பாலத்துக்குப் போனார்கள். விருந்தாளிகள் வழுக்காமலிருக்க ஸ்தமெனா வீட்டார் பலகைகள் மேல் சாம்பல் தூவியிருந்தார்கள். காற்றும் இருந்தது. விதோசாவாவின் ஒரு கையில் பை, பையில் ஒயின் பாட்டிலும் காபிப் பொட்டலமும்.

"பையை நான் எடுத்துக்கறேன்மா."

"வேணாம். நீ பின்னாடி வா. கிட்ட வராத."

அவள் ஏறினாள். நாலு எட்டு வைத்ததும் பாலம் ஆடத் தொடங்கியது. அதே பழைய நடுக்கம் ஓடி வந்து குதிகாலைத் தொட்டது. பயம் வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த முறை முழங்கால் மரக்கட்டையாகவில்லை, தானாக இளகியது. இதை நமக்குத் தெரியுமே என்று கால் சொன்னது. பாலம் இடப்பக்கம் போனால் இடுப்பு வலப்பக்கம் போனது. நடுவில் பலகைகளுக்கிடையே பச்சைத் தண்ணீர் தெரிந்தது. அவள் அதைப் பார்க்காமல், அக்கரையில் ஸ்தமெனா வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்து நடந்தாள். கம்பியைப் பிடிக்கவில்லை. அக்கரை மண்ணில் கால் பட்டதும் சின்னப் பெண் மாதிரிக் கத்தத் தோன்றியது.

"பாத்தியாடா?" என்று திரும்பினாள்.

பின்னால் யாரும் இல்லை. மிலூத்தின் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையாலும் ஒரு பக்கக் கம்பியைக் கட்டிப் பிடித்திருந்தான். வருஷக்கணக்காகக் காரில் சுற்றி வந்தே பழகியவன். தோல் ஷூ சாம்பலையும் மீறி வழுக்கியது. அவன் விறைக்க விறைக்கப் பாலம் அதிகமாக ஆடியது. முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா... நீ போ. நான்... நான் வர்றேன்."

"எங்க வர்ற? நின்ன இடத்துலயே நிக்கற!"

விதோசாவா பையைக் கரையில் வைத்தாள். பாலத்தில் மறுபடி ஏறி, மகன் நிற்கும் இடத்துக்குப் போனாள். கம்பியிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தக் கை நடுங்கியது. ஐம்பது வயதுக் கை. அதைப் பிடித்ததும் அவளுக்குப் புரிந்தது. இலையுதிர்காலம் முழுக்கப் போனில் அதட்டினானே, பெட்டியைக் கட்டு பெட்டியைக் கட்டு என்றானே, அது அதிகாரம் இல்லை. பயம். இதே நடுக்கத்தைத்தான் அவன் அங்கே ஐந்தாவது மாடியில் தனியாக வைத்துக்கொண்டிருந்தான்.

"முழங்காலை இளக்கமா வை, கண்ணா. பாலத்தோட சண்டை போடாத. அது ஆடட்டும், நீயும் கூட ஆடு."

"விழுந்துடுவேன்மா."

"மாட்டே. நான் பிடிச்சிருக்கேன்ல."

அடி அடியாக அவனை அக்கரை சேர்த்தாள். கதவருகே கம்பளிச் சால்வையோடு நின்ற ஸ்தமெனா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். திருநாள் அன்று வீட்டுக்காரி வாசலைத் தாண்டக்கூடாது என்பதால் மட்டும்தான் ஓடி வரவில்லை, கன்னம் நனைந்திருந்தது.

"வா குமா. யாரு யாரைக் கூட்டிட்டு வந்தது?"

"அம்மாதான் என்னை" என்றான் மிலூத்தின்.

ஸ்லாவா வழக்கப்படி முதலில் தேனில் கிளறிய கோதுமையை ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார்கள். மீன் சூப் வந்தது, பொரித்த கெண்டை வந்தது, பிளம் சாராயம் வந்தது. மிலூத்தின் அதில் மூன்று தம்ளர் குடித்தும் பாலத்தைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் தட்டைப் பார்த்தான். பொழுது சாய்ந்ததும் எழுந்து, யாராவது காரில் ஊர்ப்பக்கக் கரைக்குச் சுற்றிப் போகிறார்களா என்று மெல்ல விசாரித்தான்.

"நீ சுத்திக்கிட்டு வா. நான் நடந்து போறேன்" என்றாள் விதோசாவா.

அவன் வந்து சேர்ந்தபோது வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெட்டி காலியாக அலமாரி மேல் ஏறியிருந்தது. அவன் அதைப் பார்த்தான். ஷூவைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல் வாசலில் வீட்டுச் செருப்பைத் தேடினான். எந்த விருந்தாளிக்கும் எங்கள் ஊரில் முதலில் நீட்டுவது அதைத்தான். அதைக் காணவில்லை.

"செருப்பு எங்கம்மா?"

"எடுத்து வச்சிட்டேன். சாக்ஸையும் கழட்டு."

"குளிருமேம்மா!"

"குளிராது. இப்படி அடுப்புக்கிட்ட வா. ஒத்தைக் கால்ல நில்லு பாக்கலாம்."

மிலூத்தின் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும், வெறுங்காலோடு வந்து, ஒரு காலைத் தூக்கினான். உடனே சாய்ந்தான். அவள் கை அங்கே தயாராக இருந்தது.

"உன்னோட பெட்டி ஒண்ணு கார்ல இருக்கே," என்றாள் விதோசாவா, கையை விடாமல், "அதையும் உள்ள கொண்டு வா. லீவு போட்டுட்டு கொஞ்ச நாள் இரு. செவ்வாய்க்கிழமை நெவெனா கிட்ட உனக்கு ஒரு இடம் கேக்கறேன்."